பெட்டி தாங்கும் அளவு

பார்லித் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது, குடி, குராமோச்சி. அப்பா பொதுக் குளியல் கூடத்துக்குப் போயிருக்கிறார். போனால் சீக்கிரம் வரமாட்டார். அங்கே தொட்டிக்குள் கழுத்துவரை உட்கார்ந்து கணவாய் விலையைப் பற்றிப் புலம்புகிற கிழவர்கள் சிலர் இருக்கிறார்கள். படகைக் கொடுத்த பிறகு அவருக்கு அதுதான் கடல். அவர் வருவதற்குள் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியைப் பற்றி உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. பழையது, அவ்வளவுதான்.

அப்பா உன்னை எதற்கு வரச்சொன்னார் என்று எனக்குத் தெரியும். "உன் கண்ணு சின்ன வயசுக் கண்ணுடா. நீ பாத்துச் சொல்லு, கோத்தா அதுல இருக்கானா இல்லையான்னு." இப்படித்தான் சொல்லியிருப்பார். நொபுயே அத்தையிடமும் இதைத்தான் கேட்டார். அத்தை வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் எழுந்துபோய்விட்டாள். நீ அப்படிப் போக மாட்டாய். அதோடு நீ டிவிக் கடையில் வேலை பார்க்கிறவன். ஒரு தடவை பார்த்தாலே போதும், இது கண் கோளாறும் இல்லை பெட்டிக் கோளாறும் இல்லை என்று புரிந்துவிடும். வேறு யாரும் சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது நல்லது.

அந்த பென் டிரைவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள். நகல் எடுக்க இங்கே ஒன்றும் இல்லை.

அந்த பேஸ்பால் ஆட்டத்தை உங்கள் வீட்டில் பதிந்து வைத்தது எப்படிப் போயிற்று என்று உன் அம்மா மீன் சந்தையில் என்னைப் பிடித்து நிறுத்தி அழுதார்கள். இங்கே எல்லார் வீட்டிலும் அதே கதைதான். டிவியோடு சேர்த்து மாட்டுகிற டிஸ்க்கில் பதிந்தது அந்த டிவியில் மட்டும்தான் ஓடும். ஒருநாள் டிவி செத்துப்போகும். புதியது வாங்கி, பழைய டிஸ்க்கை எடுத்துச் செருகினால், "இதை இந்த டிவியில் சேர்த்துக்கொள்ளலாமா? உள்ளே இருப்பவை அழிந்துவிடும்" என்று பணிவாகக் கேட்கும். உன் அம்மா 'சரி'யை அழுத்தினார்கள். உங்கள் டீம் கேப்டன் வீட்டிலும் அதையேதான் அழுத்தியிருக்கிறார்கள். அவ்வளவு பணிவாகக் கேட்டால் நம் ஆட்களுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது. நீங்கள் எல்லோரும் வெயிலில் கறுத்துப்போய் ஆடிய அந்த ஆட்டம் அப்படித்தான் வீடு வீடாக அழிந்தது.

தம்பி கோத்தா அந்த வலையில் மாட்டவில்லை. மாடியில் அவன் கம்ப்யூட்டரில் ஒளிபரப்பைப் பிடிக்கிற அட்டை ஒன்றைச் செருகியிருந்தான். காற்றில் எப்படி வந்ததோ அப்படியே, முழு எடையோடு, எந்தப் பூட்டும் இல்லாமல் உள்ளே வந்து விழும். மாவட்டப் போட்டியில் உங்கள் ஆட்டம் டிவியில் வருகிறது என்றதும் முதல்நாளே நேரம் வைத்துவிட்டான். காலையில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, லீவுக்கு வந்திருந்த என்னிடம் சொன்னான்: "தோத்துட்டா அழிச்சிடுக்கா. என் மூஞ்சிய நானே பாக்க முடியாது." தோற்றீர்கள். நான் அழிக்கவில்லை, அப்போது.

அந்தப் பதிவை நீ பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அசந்துபோயிருப்பாய். அவன் பந்தை எறிய உடம்பை முறுக்கும்போது கழுத்து நரம்பு தெரியும். தொப்பியின் ஓரத்தில் உப்புப் பூத்திருப்பது தெரியும். நீ குந்தி உட்கார்ந்து விரலால் காட்டுகிற சைகைக்கு அவன் தலையை ஆட்டி, 'முடியாது' என்று உதட்டைச் சுழிப்பான். வீட்டில் கத்தரிக்காயை ஒதுக்கும்போதும் அதே சுழிப்புதான்.

முன்னறை டிவியில் அப்பா பார்க்கட்டும் என்று பழைய சாமான் கடையிலிருந்து அந்தப் பெட்டியை வாங்கிவந்து மாட்டியவனும் அவன்தான். மாடியில் இருக்கிற பதிவைக் கீழே டிவிக்குக் கொண்டுவருகிற பெட்டி. அது தயாரான காலத்தில் இவ்வளவு கனமான படத்தை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அசலை அப்படியே கொடுத்தால் திணறும். குரல் முன்னால் ஓடும், படம் பின்னால் நொண்டும், பந்து கையை விட்டுக் கிளம்பிய இடத்திலேயே எல்லாம் உறைந்து நின்றுவிடும். ஆகவே கோத்தா அசலை மேலே வைத்துக்கொண்டு, பெட்டி தாங்குகிற அளவுக்கு எடை குறைத்த பிரதி ஒன்றைச் செய்து கொடுத்தான். ரிமோட்டில் பிளாஸ்திரி ஒட்டி அம்புக்குறி போட்டு 'இதை அமுக்குங்க' என்று எழுதினான். அந்த பிளாஸ்திரி இன்னும் இருக்கிறது. புதுப் பெட்டி வாங்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் அப்பா ரிமோட்டைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் முடித்ததும் அவனைப் படகில் ஏற்றினார். விளக்கு கட்டிக் கணவாய் பிடிக்கப் போன இடத்தில், ஆகஸ்ட் மாதக் கடலில், அவன் விழுந்ததை அப்பா பார்க்கவில்லை. சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்திருக்கிறார். கடல் அவனைத் திருப்பித் தரவில்லை. நான் ஒசாகாவிலிருந்து சடங்குக்கு வந்தவள், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று தங்கினேன். கம்பெனி வேலையை இங்கிருந்தே கம்ப்யூட்டரில் செய்கிறேன். அந்தக் கொஞ்ச நாள்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் படிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் உனக்கு இது பாதிதான் புரியும். இந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "பொம்பளப் புள்ள கம்ப்யூட்டர் படிச்சு மீனுக்கா சொல்லித்தரப் போறே? கூட்டுறவு ஆபீஸ்ல உக்காந்து எழுது" என்றார் அப்பா. விடியுமுன் பேப்பர் போட்டுப் படித்தேன். பட்டமளிப்பு அன்று இங்கே கணவாய் நிறையப் பட்டதாம், யாரும் வரவில்லை. அம்மா போய்ச்சேர்ந்தபோது கோத்தா தொடக்கப் பள்ளியில் இருந்தான். அதிலிருந்து நான் ஒசாகா போகிறவரை அவன் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டியது நான். லீவுக்கு வந்தாலும் நான்தான். உனக்கும் சேர்த்துத்தான் கட்டினேன். உப்புப் பிளம் வைத்த சோற்றுருண்டையை நீ முழுசாக வாயில் போட்டுக்கொண்டு புரையேறி நிற்பாய். இதையெல்லாம் நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருந்தால் நான் செய்த காரியத்துக்குத் தேவையான பொறுமை வந்திருக்காது.

அப்பா தினமும் மதியம் அந்த ஆட்டத்தைப் பார்ப்பார். கடலுக்குப் போய்வந்து, குளித்து, சோற்றில் தேநீரை ஊற்றிக் குடித்துவிட்டு, மெத்தைத் திண்டைப் போட்டு உட்கார்ந்து அம்புக்குறியை அழுத்துவார். ஆட்டம் முழுக்கப் பார்ப்பார். தோல்வி வரும், எல்லோரும் மண்ணில் விழுந்து அழுவீர்கள், நிறுத்திவிட்டு வலை சரிபார்க்கப் போவார். மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து. ஏதோ ஒருநாள் நீங்கள் ஜெயித்துவிடலாம் என்பதுபோல.

ஒருநாள் வந்து சொன்னார்: "மிஹோ, படம் நின்னு நின்னு போவுது. அவன் கையத் தூக்கறப்ப கட்டம் கட்டமா ஒடையுது." பெட்டிக்கு வயதாகிவிட்டது. கோத்தா செய்த பிரதியின் எடையைக்கூட அதால் இழுக்க முடியவில்லை. நான் மாடிக்குப் போய் அசலிலிருந்து இன்னொரு பிரதி செய்தேன், இன்னும் லேசாக. லேசாக்குவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். எவ்வளவு விவரத்தைத் தூக்கி எறியலாம் என்று இயந்திரம் கேட்கும், நாம் ஓர் எண்ணைச் சொல்லவேண்டும். அது நேர்மையான பிரதி. என் மனதில் அப்போது ஒன்றும் இல்லை. அப்பா பார்த்துவிட்டு, "ம், இப்ப நல்லா ஓடுது" என்றார். திட்டாமல் அவர் எனக்குச் சொன்ன ஒரே பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன்.

அதே வாரம் அவரிடம் ஒரு விஷயம் சொல்லப் போனேன். ஒசாகாவில் தோகாவா என்று ஒருவர். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். சொல்லுவதற்கு நல்ல நேரம் பார்த்து, தேநீரும் வைத்து, பக்கத்தில் முழந்தாளிட்டு உட்கார்ந்தேன். "அப்பா, ஒருத்தர் என்னைக் கேட்டிருக்கார்" என்றேன்.

"இரு. அடுத்த பந்து."

அந்தப் பந்து போனது. திரும்பவும் சொன்னேன். அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, "கோத்தா மொகம் கொஞ்சம் மங்கலா இருக்கில்ல? பொட்டியா, என் கண்ணா?" என்று கேட்டார்.

"உங்க கண்ணா இருக்கும்ப்பா" என்றேன்.

இவ்வளவுதான் ஆரம்பம். யோசித்துச் சொன்னது இல்லை. ஆனால் சொன்ன பிறகு யோசித்தேன். இந்த மனிதர் தினமும் ஒரு செத்த பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவனை ஒரேயடியாகப் பிடுங்கினால் தாங்கமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, கண் பழகுகிற வேகத்தில் எடுத்தால், வலிக்காமல் விட்டுவிடுவார். மருத்துவர்கள் வலி மாத்திரையை அப்படித்தான் குறைக்கிறார்கள். தோகாவாவுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை. அவரும் கொஞ்சநாள் கழித்துக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அப்பா துறைமுகத்துக்குப் போகிற நேரம் பார்த்து மாற்றிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் முந்தைய பிரதியைவிடக் கொஞ்சம் லேசாக. படம் முழுவதையும் மங்கலாக்கினால் பெட்டிமேல் சந்தேகம் வரும். அதனால் படத்தில் எந்த இடம் முக்கியமில்லை என்று இயந்திரத்துக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். பந்தெறிகிற மேடு முக்கியமில்லை என்றேன். முதலில் கழுத்து நரம்பு போயிற்று. அப்புறம் உப்பு. உதட்டுச் சுழிப்பு போக ரொம்ப நாள் ஆயிற்று. ஓர் உதட்டுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று எனக்கே தோன்றியது. அதை எடுத்த அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

அப்பா திண்டை டிவிக்குப் பக்கத்தில் நகர்த்தினார். அப்புறம் இன்னும் பக்கத்தில். சட்டைக் கையால் திரையைத் துடைப்பார். டிவியில் விற்கிற புளூபெர்ரி மாத்திரையை வரவழைத்துத் தின்றார். சொட்டு மருந்து போட்டுக்கொண்டு முகத்தை நிமிர்த்தியே வைத்திருப்பார், கன்னத்தில் வழியும்.

அவர் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அலை தடுப்புச் சுவரில் நின்றுகொண்டு, "அது நாகாய் படகு, எடது வெளக்கு எரியல பாரு" என்பார். எனக்கு அங்கே படகு இருப்பதே தெரியாது. "ஊகமா சொல்றீங்கப்பா. போன மாசம் அவர் வெளக்கு மாத்தறதைப் பத்திப் பேசினீங்க" என்பேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அப்படியா" என்பார். ஒரு மீனவனிடம் அவன் கண்ணைச் சந்தேகப்படச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். பெற்ற மகள் சொன்னால் கஷ்டமில்லை.

பிறகு ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அத்தை விடவில்லை.

"என்னண்ணே, லைசன்ஸக் குடுத்தா பஸ்ல பாதிக் காசாமே. அதுக்கா போய்க் குடுத்தே?"

"கண்ணு தெரியலடி. யார் மேலயாவது ஏத்திட்டா?"

"இந்த ஊர்ல ஏத்தறதுக்கு யாரு இருக்கா, என்னையும் பூனையையும் விட்டா? பஸ்ஸும் ஒழுங்கா வர்றதில்ல. பாதிக் காசு டிக்கெட்ட வச்சுக்கிட்டு நிறுத்தத்துல உக்காந்திரு, போற வர்ற பூனைக்கு வணக்கம் சொல்லு."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த பருவம் படகையும் நாகாய் மகனிடம் கொடுத்துவிட்டார். கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கும்போது முடிச்சைத் தடவித் தடவி அவிழ்த்தார், குருடர் மாதிரி. நடிக்கவில்லை. உண்மையாகவே நம்பிவிட்டார்.

ஆனால் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. மங்க மங்க அவர் விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன். மங்க மங்க அவர் அதிகம் பார்த்தார். கடலும் இல்லை, வண்டியும் இல்லை, காலையிலேயே உட்கார ஆரம்பித்தார். இதை என் தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். அளவு தப்பு.

யோனாகோ டவுனில் இருக்கிற கண் மருத்துவமனைக்குத் தானே போன் செய்தார். டாக்டர் ஒரு சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். "லேசாப் புரை இருக்கு ஐயா. இந்த வயசுல எல்லாருக்கும் இருக்கும். இப்பவே எடுக்கணும்னு அவசரம் இல்ல."

"எனக்கு அவசரம் டாக்டர். புள்ள மறைஞ்சிட்டே வர்றான்."

டாக்டர் என்னைப் பார்த்தாள். "டிவி பாக்கறதைச் சொல்றார்" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம் என்று நீ நினைக்கிறாய். நிறுத்தியிருக்கலாம். அசல் அதுவரை மாடியில் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து நல்ல பிரதி ஒன்று செய்து வைத்திருந்தால், ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த கண்ணுக்கு அவன் கழுத்து நரம்புகூடத் தெரிந்திருக்கும். டாக்டருக்கு நல்ல பெயர், அப்பாவுக்குச் சந்தோஷம், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் யோசித்துப் பார். அப்புறம் அவர் எழுந்திருப்பாரா? சாகும்வரை அந்தத் திண்டில் உட்கார்ந்திருப்பார். நான் சாகும்வரை பின்னால் நின்று தேநீர் வைத்துக்கொண்டிருப்பேன்.

ஆபரேஷனுக்குக் கிளம்புகிற அன்று காலை, அவர் கீழே சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். நான் மாடியில் கடைசிப் பிரதியைச் செய்து முடித்தேன். அதில் பந்தெறிகிற மேட்டில் வெள்ளையாக ஏதோ அசையும், அதிலிருந்து பந்து வரும். பிறகு அசலை அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்கினேன். டிஸ்க்கில் அந்த இடத்தின்மேல் வேறு எதையெதையோ எழுதி நிரப்பினேன், தோண்டினாலும் கிடைக்காதபடி. அழிக்க வேண்டுமா என்று அதுவும் பணிவாகத்தான் கேட்டது. தோற்றால் அழித்துவிடு என்று அவன் சொன்னதைத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டேன். பயம் இருக்கவில்லை. அவன் தலைமுடியை வெட்டிவிடும்போதுதான் எனக்குப் பயம் வரும், காதை வெட்டிவிடுவேனோ என்று.

இரண்டு கண்ணும் நன்றாக வந்தன. கட்டைப் பிரித்ததும் அப்பா முதலில் பார்த்தது என்னைத்தான். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீ எப்ப இப்படி நரைச்சே?"

"கொஞ்ச நாளாச்சுப்பா."

"உங்கம்மாவுக்கும் இந்த எடத்துலதான் முதல்ல நரைச்சுது" என்று காதுப்பக்கம் விரல் நீட்டினார். தொடவில்லை.

அன்று முழுவதும் வீட்டைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். பாய் இடுக்கில் எறும்பு போகிறது என்றார். மலைமேல் மரத்தைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது என்றார். டிவியை மட்டும் போடவில்லை. மறுநாளுக்கு எடுத்து வைத்துக்கொண்டார். மறுநாள் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, அத்தையையும் கூப்பிட்டுவிட்டார். சாமி அலமாரியில் கோத்தாவின் படத்துக்கு முன்னால் மணியைத் தட்டிவிட்டு, திண்டைப் பின்னால் நகர்த்தி, பழைய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார். இனிமேல் பக்கத்தில் போகத் தேவையில்லை அல்லவா.

அம்புக்குறியை அழுத்தினார்.

நான் வாசல்படியில் நின்றிருந்தேன். ஸ்கோர் பலகை பளிச்சென்று இருந்தது. நீ தெரிந்தாய், உன் முகக்கவசத்தின் கம்பி தெரிந்தது. எதிரணிப் பையன்களின் பெயர்கூடப் படிக்க முடிந்தது. மேட்டில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. முதல் சுற்று, இரண்டாவது சுற்று, மூன்றாவது. நாலாவது சுற்றில் அப்பா சொன்னார்:

"கண்ணு சரியாத்தான் இருக்கு. அப்ப அவன்தான். அவன் கெளம்பிட்டான், நொபுயே."

குரலில் அழுகை இல்லை. படகு கிளம்பிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். செத்தவர்களுக்கு முப்பத்து மூன்றாம் வருஷம் வரை செய்யவேண்டிய நினைவுச் சடங்கை இந்த ஏழாம் வருஷத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று அவர் புத்த குருவிடம் சொன்னது இதனால்தான். நான் நினைத்தது கடைசியில் நடந்துவிட்டது பார். விட்டுவிட்டார். என்ன, விட்ட பிறகு எழுந்து நடமாடுவார் என்று நினைத்தேன். இப்போது சோற்றைப் பாதியில் வைத்துவிடுகிறார். பல்லைத் தேய்த்தாரா என்று நான் கேட்கவேண்டியிருக்கிறது. உன்னிடமும் ஒருதடவை கேட்டுப் பார்த்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அதுதான் உனக்கு போன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நீ எப்படியும் பார்ப்பாய்.

ஐந்தாம் சுற்று முடிந்ததும் மைதானத்துக்குத் தண்ணீர் அடிப்பார்கள் அல்லவா, அந்த இடைவெளியில் டிவிக்காரப் பெண் ஒருத்தி பார்வையாளர் வரிசைக்கு வந்து அப்பாவிடம் மைக்கை நீட்டுவாள். "அம்மா இல்லாத பையனாமே. தெனமும் சாப்பாடு கட்டறதுகூட நீங்கதானா?" என்று கேட்பாள். அப்பா வெட்கப்பட்டுச் சிரிப்பார். "ஆமாங்க, என்ன பண்றது. தனி ஆளாத்தான் வளத்தேன்" என்பார். அவர் முகத்துக்குப் பக்கத்தில், திரையின் ஓரத்தில், ஒரு கை மட்டும் வந்து வந்து போகும். பேரிக்காய் படம் போட்ட பிளாஸ்டிக் விசிறியால் அவருக்கு விசிறிக்கொண்டிருக்கிற கை. முழங்கைக்குக் கீழே, முட்டை சுருட்டுகிற வாணலி சுட்ட தழும்பு ஒன்று.

அந்தத் துண்டை நான் தொடவில்லை. எல்லாப் பிரதியிலும் அசலில் இருந்த அதே எடையோடு விட்டுவைத்தேன். அதற்குத் தொழில்நுட்பக் காரணம்தான். சின்னத் துண்டு, அதில் யாரும் ஓடுவதில்லை, பெட்டி தாங்கும். மங்கலாக்கத் தேவை இருக்கவில்லை. வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

அன்றைக்கு அந்த இடம் வந்ததும் அப்பா சட்டென்று நிமிர்ந்தார். ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார்.

"இந்தக் கை பாரேன். நரம்பெல்லாம் தெரியுது. தழும்புகூடத் தெரியுது. யாரு இது?"

அத்தை திரும்பி என் கையைப் பார்த்தாள். நான் சட்டைக் கையை இறக்கி விட்டிருந்தேன். அவள் எழுந்து, கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கண்ணாடி அவள் தலைமேல் இருந்தது.

"பக்கத்துல உக்காந்த யாரோ இருக்கும்ப்பா" என்றேன்.

"பாவம். அந்த வெயில்ல நான் பேசி முடிக்கறவரைக்கும் எனக்கு விசிறிக்கிட்டே இருந்திருக்கு. நான் கவனிக்கவே இல்ல பாரு." கொஞ்சம் யோசித்தார். "யாருன்னு தெரிஞ்சா போயி ஒரு நன்றி சொல்லிட்டு வரலாம்."

இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியது. கோத்தாவை அந்தப் பதிவிலிருந்து எடுத்தது நான். அப்பா தன் கண்ணையே நம்பாதபடி செய்தது நான். படகும் வண்டியும் போனதற்குக் காரணம் நான். தேவையில்லாத கத்தி அவர் கண்ணில் பட்டதற்கும் நான். அவர் நல்லதுக்காகத்தான் செய்தேன். நீ அப்படி என்னைப் பார்க்காதே, தண்ணீரைக் குடி.

வாளிக்குள் சோப்புப் பெட்டி உருளுகிற சத்தம் கேட்கிறதா, சந்து முனைக்கு வந்துவிட்டார். உன்னைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். உட்கார்ந்து பார். கோத்தா தெரிகிறானா என்று கேட்டால், தெரியவில்லை என்று சொல். அது உண்மைதான். நீ 'தெரிகிறான்' என்று இரக்கப்பட்டுச் சொல்லிவைத்தால், அவர் திரும்பவும் யோனாகோவுக்கு பஸ் ஏறிவிடுவார்.

ஐந்தாம் சுற்று வரைக்கும் மட்டும் கட்டாயம் இரு. அவசரம் என்று நடுவில் எழுந்துவிடாதே. அந்தக் கை வரும்போது அவர் நிறுத்துவார், இப்போதெல்லாம் தினமும் அங்கேதான் நிறுத்துகிறார். யார் கை என்று உன்னிடமும் கேட்பார். எத்தனையோ தடவை அந்தக் கையிலிருந்து சோற்றுருண்டை வாங்கித் தின்றவன் நீ, தழும்பைப் பார்த்ததுமே உனக்குத் தெரியும். நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் நன்றாக இருக்காது.